இரண்டு பேனில் ஒன்று ஓடவில்லை

வானவடி, புனே
மே மாதம் 2006, வியாழக்கிழமை

சிரஞ்சீவி கிட்டுவுக்கு,

உன் அத்திம்பேர் விஸ்வேஸ்வரன் அநேக ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே உன் அக்கா அபயாம்பாள், உன் மருமாள் மீனு, நான் ஆகிய மூவரும் ஈசுவர கிருபையால் சௌக்கியம். நான்காவதாக இந்த வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அது சௌக்கியமில்லை. அதனால் மற்ற மூவரின் சௌக்கியமும் இனி எத்தனை நாளைக்கு என்று சொல்வதற்கில்லை. கோயமுத்தூரில் நீயும் வனஜாவும் குழந்தை ப்ரீதியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். டெலிபோன் இருக்கும்போது மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். நேற்று முதல் இந்த வீட்டில் டெலிபோனைத் தொட எனக்கு அனுமதி இல்லை. மணி அடித்தால் நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட வேண்டும் என்பது உன் அக்காவின் உத்தரவு.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். நம் மீனுவுக்குப் பார்த்திருக்கும் பிள்ளை சபரியின் அம்மா பட்டு மாமி, அடுத்த வாரம் புனேவுக்கு வந்து நிச்சயதார்த்தம் செய்வதாக இருந்ததைக் "கொஞ்சம் தள்ளிப் போடலாமான்னு பாக்கறோம்" என்று உன்னிடம் சொன்னாளாம். ஏன், எதற்கு என்று நீ துருவித் துருவிக் கேட்டதற்கு, பெண்ணின் தலையில் பேன் இருக்கிறதென்று பெண்ணைப் பெற்றவரே டெலிபோனில் சொன்னார், அதுவும் சாதாரணப் பேனாகத் தெரியவில்லை, வேறு ஏதோ மர்மம் இருக்கிறது என்றாளாம். இதை நீ நேற்று உன் அக்காவிடம் சொல்ல, அவள் ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை நான் இந்த ஜன்மத்தில் மறக்க மாட்டேன். கிட்டு, மீனுவின் தலையில் பேன் இல்லை. கையெழுத்துப் போட்டே தருகிறேன். அந்தப் பேன் என்னுடையது. என் தலையில் அல்ல, என் தலையில் அது தங்க நிழல் கிடையாது என்பது உனக்கே தெரியும். நான் சொன்னது காற்றடிக்கிற பேன். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குகிறவர்கள் உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். காற்றாடியைப் பேனாக்கிப் பெண்ணின் தலையில் விட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

இந்த வரனைக் கொண்டுவந்தவன் நீ. ஆகையால் இதைப் படித்து முடித்த கையோடு பட்டு மாமி வீட்டுக்குப் போய், நடந்ததை நடந்தபடி சொல்லி, இந்தக் கல்யாணத்தைக் காப்பாற்றிக் கொடுக்க வேண்டியதும் நீதான். மீனு ஆபீஸுக்குப் போய்வருகிறாள். ஆனால் ஹடப்சர் ஆபீஸிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றிய கையோடு பால்கனியில் நின்று சபரியுடன் செல்லில் பேசுகிறவள், நேற்று முதல் பால்கனிப் பக்கமே போகவில்லை. சாதத்தைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறாள். அது கூழாகிவிடுகிறது, பிறகும் பிசைகிறாள். விஷயம் தெரிந்ததும் என்னை நாலு திட்டு திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "பரவால்லைப்பா" என்றாள். அந்தப் பரவாயில்லை இருக்கிறதே, அது உன் அக்காவின் வசவைவிட மோசம்.

முதலிலிருந்து சொன்னால்தான் உனக்குப் புரியும். ராணுவக் கணக்கு ஆபீஸில் இருந்தவரை நான் ஒரு கௌரவமான மனுஷன். பிரயாணப் பில்லில் ஒரு கையெழுத்து குறைந்தால் கர்னல்களையே திருப்பி அனுப்பியிருக்கிறேன். ரிடையர் ஆனபின் திருப்பி அனுப்ப ஆள் கிடைக்காமல், சமையலறை வாசலில் நின்றுகொண்டு உன் அக்காவிடம், ரசத்துக்குக் கடுகு ஏன் இவ்வளவு, அப்பளத்துக்கு எண்ணெய் ஏன் இவ்வளவு என்று ஆடிட் செய்ய ஆரம்பித்தேன். ஒரு நாள் அவள் ஜல்லிக் கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்று மூவரும் சாப்பிட்டதை நான் எழுத விரும்பவில்லை. அதற்கப்புறம்தான் மீனு தன் சம்பளத்தில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, அதில் விமானம் ஓட்டும் ஆட்டம் ஒன்றைப் போட்டு, கையில் பிடித்து ஆட்டுவதற்கு ஒரு பிடியும் மாட்டி, "அப்பா, இனிமே நீங்க இதை ஓட்டுங்கோ, அம்மாவை விட்டுடுங்கோ" என்றாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று மத்தியானம் ஏறி உட்கார்ந்தவன், சொல்லப்போனால், இன்னும் இறங்கவில்லை.

நீ சிரிப்பாய். நானும் முதலில் சிரித்தேன். ஆனால் அந்தப் பிடியைப் பிடித்து இழுத்து, விமானம் தரையைவிட்டு எழும்பும்போது, தொப்பையை உள்ளே இழுத்துக்கொள்ளத் தோன்றுகிறதே, அதற்கு என்ன சொல்வாய். நாற்காலியில் வேட்டியோடு உட்கார்ந்தால் பைலட் மாதிரி இல்லையென்று பழைய ஆபீஸ் பேண்ட்டைத் தேடி எடுத்தேன். அது இடுப்பில் ஏறவில்லை. பொத்தான் போடாமல் மேலே துண்டைச் சுற்றிக்கொண்டு ஓட்டினேன். உன் அக்கா காப்பி கொண்டுவந்தால், "இப்போ பேசாதே, கீழே மேகம்" என்பேன். அவளும் ஆரம்பத்தில் எட்டிப் பார்த்து, நம் பில்டிங் தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு காப்பியைத் தூர வைத்துவிட்டு, "மேகத்துலேர்ந்து எறங்கினதும் குடியுங்கோ" என்று போக ஆரம்பித்தாள். ஆறின காப்பியைத்தான் நான் பல மாதமாகக் குடித்துவருகிறேன்.

கிளம்புவது சுலபம், கிட்டு. இறங்குவதுதான் பிராணாவஸ்தை. கம்ப்யூட்டருக்குள் படம் வரைந்து காட்டுவதற்கென்றே கிராபிக்ஸ் கார்டு என்று ஒரு தகடு இருக்கிறது. ஆகாயத்தில் பறக்கும்வரை அதற்கு வேலை இல்லை, நீல நிறத்தை அடித்தால் முடிந்தது. தரைக்குப் பக்கத்தில் வந்ததும் வீடு, மரம், ரோடு, ஏரி எல்லாவற்றையும் அது ஒரே நேரத்தில் வரைய வேண்டியிருக்கிறது. அப்போது அதற்குச் சூடு தலைக்கேறிவிடும். புனேயில் இந்த மே மாத வெயிலில் மனுஷனுக்கே மண்டை கொதிக்கும்போது தகடு என்ன செய்யும். சக்கரம் தரையைத் தொடப் போகிற சமயத்தில் படம் அப்படியே உறைந்துவிடும். விமானம் திரிசங்கு மாதிரி நடு ஆகாயத்தில் நிற்கும். உள்ளே இருக்கிற ஜனங்களின் கதி என்ன என்று யோசித்துக்கொண்டு நான் சாப்பிடப் போவேன். இன்று வரை ஒரு விமானத்தைக்கூட நான் முழுசாகத் தரையில் இறக்கியதில்லை. அதை ஒரு தடவையாவது இறக்கிப் பார்த்துவிட வேண்டும் என்ற வெறியில்தான் இத்தனை அனர்த்தமும்.

போபோடியில் ஜெபமணி என்று என் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். கட்கி தொழிற்சாலையில் போர்மேனாக இருந்து என்னைப் போலவே ரிடையர் ஆனவர், திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர். அவர் வீட்டிலும் ஒரு கம்ப்யூட்டர் உண்டு, அவர் அதில் ரயில் ஓட்டுகிறார். அவரிடம் போனில் யோசனை கேட்டேன். "சார், பெட்டியோட பக்கத்துப் பலகையக் கழத்திப்போட்டுருங்க. உள்ள காத்து போனா போதும்" என்றார். கழற்றினேன். உள்ளே தூசி மெத்தை மாதிரி இருந்தது. வாயால் ஊதினால் போய்விடும் என்று, மூச்சை நன்றாக இழுத்து, முகத்தை உள்ளே நீட்டி ஊதினேன். தூசி போயிற்று. எங்கே போயிற்று என்றால், என் கண்ணுக்கும் மூக்குக்கும் போயிற்று. தும்மிய தும்மலில் மேல்வரிசைப் பல் செட் கழன்று கம்ப்யூட்டருக்குள் விழுந்தது. நல்ல வேளை, மின்சாரத்தை நிறுத்தியிருந்தேன். இல்லாவிட்டால் அந்தப் பெட்டி என்னைக் கடித்தது என்று ஆஸ்பத்திரியில் போய்ச் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

திறந்துவைத்தும் சூடு அடங்கவில்லை. சமையலறையில் உன் அக்காவுக்கென்று வைத்திருந்த டேபிள் பேனைத் தூக்கிவந்து பெட்டிக்கு நேரே வைத்தேன். அவள் அடுப்படியில் வெந்துகொண்டிருக்க, நான் தகட்டுக்குக் காற்று வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இதிலேயே என் யோக்கியதை தெரிந்திருக்கும். பேனுக்குப் பின்னால், பால்கனிக் கதவோரம், அவள் மிளகாய்ப்பொடி அரைத்து வந்து தாம்பாளத்தில் ஆற வைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. பேன் பின்னாலிருந்து காற்றை இழுத்து முன்னால் தள்ளுகிற ஜந்து என்பது இத்தனை வயசுக்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்விட்சைப் போட்டதும் அறை முழுக்கச் சிவப்பாக ஒரு மேகம் கிளம்பியது. நான் இருமினேன், உன் அக்கா இருமினாள், எதிர் பிளாட்டிலிருந்த சுபேதார் மேஜரின் சம்சாரம் கதவைத் திறந்து "காகா, க்யா ஜல் ரஹா ஹை" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் அவளும் இரும ஆரம்பித்தாள். என்ன எரிகிறது என்று கேட்டாளே தவிர, எரிந்தது அபயத்தின் வயிறு ஒன்றுதான். ஒரு வருஷத்துப் பொடி. ஒரு வாரத்துக்கு எனக்கு மட்டும் காரமில்லாமல் சமைத்தாள்.

அடுத்தது வெட்டிவேர். நம் பக்கத்தில் வெயில் காலத்தில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்போமே, அதையே செய்தால் என்ன என்று தோன்றிற்று. இங்கே அதை வாளா என்று கேட்க வேண்டும், வெட்டிவேர் என்று நான் கேட்ட கடையில் இரண்டு முள்ளங்கியை எடுத்துக் கொடுத்தார்கள். தேடிப் பிடித்து வாங்கிவந்து, தட்டி மாதிரி கட்டி, நனைத்துப் பெட்டிக்கு முன்னால் தொங்கவிட்டேன். வாசனை பிரமாதம். ஆனால் சொட்டுச் சொட்டாக நீர் வடிந்து, கீழே இருந்த ஸ்விட்சுப் பலகையில் இறங்கி, வீடு முழுக்க மின்சாரம் போயிற்று. பிரிட்ஜில் இருந்த தோசை மாவு பொங்கி வழிந்து கதவைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியே வந்தது. உன் அக்கா தோசைக் கரண்டியோடு வந்து, அந்தத் தட்டியைக் கழற்றி, மடித்து, குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனாள்.

இதோடு விட்டிருந்தால் நான் மனுஷன். மறுபடி ஜெபமணிக்குப் போன் செய்தேன். அவர் சொன்னார், "சார், அந்தக் கார்டு மேல ரெண்டு பேன் இருக்கும், பாத்தீகளா. அதைத் தூக்கினா அடியில கொஞ்சம் பேஸ்ட் இருக்கும். அது காஞ்சு போயிருக்கும். பழசை வழிச்சு எடுத்துட்டுப் புதுசாத் தடவுங்க. குளுமைக்குன்னே உள்ள பேஸ்டு. சூட்டை இழுத்துரும்." என்ன பேஸ்ட் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சூட்டை இழுக்கிறது, குளுமைக்கென்றே உள்ளது, தடவுவது என்றால், கிட்டு, நீயே சொல், நம் வீட்டில் வேறு என்ன இருக்கிறது. கோயிலில் சுவாமிக்கே வெயில் காலத்தில் அதைத்தானே சாற்றுகிறார்கள். பூஜை அலமாரியிலிருந்து சந்தனக் கட்டையையும் கல்லையும் எடுத்தேன். சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, விழுது மாதிரி அரைத்து எடுத்தேன். உன் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, ரிடையர் ஆகி இத்தனை நாளைக்கப்புறமாவது இவருக்குப் பூஜையில் புத்தி போயிற்றே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தில் எனக்குச் சூடாக ஒரு காப்பியும் வந்தது. நான் குடித்துவிட்டு எழுந்து போய், கிராபிக்ஸ் கார்டுக்குச் சந்தனக்காப்பு செய்தேன்.

நம்ப மாட்டாய், வேலை செய்தது. வீடே கர்ப்பக்கிருகம் மாதிரி மணத்தது. விமானம் கிளம்பிற்று, ஏறிற்று, திரும்பிற்று, தரையைப் பார்த்து இறங்கிற்று, எனக்கு வேர்த்தது, அதற்கு வேர்க்கவில்லை. ஓடுபாதை கண்ணுக்குத் தெரிந்தது. சந்தனம் ஈரமாக இருந்தவரை எல்லாம் சரி. காய்ந்ததும் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, இரண்டு பேனில் ஒன்றின் இறக்கைக்குள் போய் மாட்டிக்கொண்டது. கர்ர்ர் என்று ஒரு சத்தம். ஒரு பேன் நின்றுவிட்டது. படம் உறைந்தது. நின்ற பேன் கிளம்ப மறுத்ததால், மேஜைமேல் பெட்டியைப் படுக்கப் போட்டு, பல் செட்டை டம்ளரில் ஊற வைத்துவிட்டு, அது மறுபடியும் உள்ளே விழுந்துவிடக் கூடாதல்லவா, தையல் மிஷின் எண்ணெயை இறகில் தொட்டு அந்தப் பேனுக்கு விட்டுக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து டெலிபோன் அடித்தது. உன் அக்கா மொட்டை மாடியில் வடாம் பிழிந்துகொண்டிருந்தாள். நான் எடுத்தேன்.

பட்டு மாமிதான். நிச்சயதார்த்தத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று சொல்லக் கூப்பிட்டிருக்கிறாள். நல்ல மாதிரியாகத்தான் ஆரம்பித்தது. "என்ன மாமா, குரலே ஒரு மாதிரி இருக்கு, ஒடம்பு தேவலையா" என்றாள். குரல் அப்படி இருந்தது பல் இல்லாததால். மேல் பல் இல்லாமல் ஃபேன் என்று சொல்லிப் பார், வராது. வாயில் வருவது சுத்தமான தமிழ்ப் பேன்தான். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. "ஒடம்புக்கு ஒண்ணுமில்லை மாமி. இந்தப் பேனோட ஒரே மல்லுக்கட்டு" என்றேன். "பேனா" என்றாள். "ஆமாம் மாமி. மேலே ரெண்டு பேன். ஒண்ணு நன்னா ஓடறது. இன்னொண்ணு செத்துப்போச்சு." மாமி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு, "யாருக்கு மாமா" என்று கேட்டாள். இங்கேதான் என் புத்தி பீச்சாங்கைப் பக்கம் போயிற்று. சம்பந்தி ஆகப் போகிறவளிடம், நான் இந்த வயசில் கம்ப்யூட்டரில் ஏரோப்ளேன் விட்டு விளையாடுகிறேன் என்று எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு, "மீனுவோடது மாமி, எனக்கு ஏது இதெல்லாம்" என்றேன். வாங்கியவள் மீனு என்பதால் அது பொய்யும் இல்லை என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டேன்.

மாமி மரியாதையானவள். "கவலைப்படாதேங்கோ மாமா, எண்ணெய் தேய்ச்சா போயிடும்" என்றாள். நான், "அதான் விட்டுண்டிருக்கேன் மாமி, தையல் மிஷின் எண்ணெய்" என்றேன். "என்னது" என்றாள். "அதான் நல்லது மாமி. தேங்காயெண்ணெய்னா பிசுபிசுன்னு ஒட்டிண்டுடும், அப்புறம் அது ஓடாது" என்று விளக்கினேன். "ஓடணுமா மாமா" என்று மாமி ஈனசுரத்தில் கேட்டாள். "ஓடாட்டா சூடு மண்டைக்கு ஏறிடுமே. நேத்திக்குக்கூடத் திறந்து வச்சு ஊதிப் பார்த்தேன். சந்தனம்கூடத் தடவியாச்சு. சரியாகலேன்னா இதை எடுத்துக் கடாசிட்டு, பெரிய பேனா ரெண்டு புதுசா வாங்கிப் போட்டுடப்போறேன். போபோடியிலே என் சிநேகிதர் ஜெபமணிகிட்ட ஒரு பேன் சும்மா கிடக்காம். அதுவரைக்கும் அதை வச்சுக்கோங்கோன்னு சொல்லியிருக்கார்" என்றேன். எத்தனை பேர் நிச்சயதார்த்தத்துக்கு வருகிறார்கள் என்பதை மாமி கடைசிவரை சொல்லவில்லை. "சரி மாமா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள். நான், என்ன ஒரு அனுசரணையான மனுஷி, ஒரு மெஷின் கெட்டதுக்கு இவ்வளவு வருத்தப்படுகிறாளே என்று நினைத்துக்கொண்டு, எண்ணெய் விடப் போனேன். அட அசடே என்று என்னைக் கூப்பிட அந்த நேரம் வீட்டில் யாரும் இல்லை.

ஆக, கிட்டு, நடந்தது இவ்வளவுதான். நீ போய் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடு. பெண்ணுக்குத் தலைமுடி இடுப்புவரை, அதில் பேனும் இல்லை ஈரும் இல்லை, பேன் அவள் அப்பாவின் கம்ப்யூட்டரில் இருக்கிறது, அவர் ரிடையர் ஆகியும் புத்தி வராமல் நாள் முழுக்க அதில் விமானம் விடுகிறார் என்று என் மானத்தைக் கூறு கட்டி விற்றாலும் பாதகமில்லை. ராணுவக் கணக்கு ஆபீஸில் சம்பாதித்த கௌரவம் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அது மீனுவுக்கு உபயோகப்படாமல் பின்னே யாருக்கு. நான் ஆட்டத்தை விட்டுவிட்டேன். கம்ப்யூட்டரைப் பழைய வேட்டி போட்டு மூடியாகிவிட்டது. அதன்மேல் உன் அக்கா வடாம் டப்பாவை வைத்துவிட்டாள். பட்டு மாமி நம்பவில்லையென்றால் அந்தப் பேனையே கழற்றிக் கூரியரில் அனுப்பத் தயார் என்று சொல். அந்தக் குழந்தை மறுபடியும் பால்கனியில் நின்று சிரித்துப் பேசினால் போதும், வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

வனஜாவை நான் மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். ப்ரீதிக்கு என் ஆசீர்வாதம். வெயிலில் அலையாதே, மோர் நிறையக் குடி. சகல காரியங்களும் ஜெயமாக நடக்க பகவான் உனக்கு வாக்கு வன்மையைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அத்திம்பேர்
விஸ்வேஸ்வரன்

பி.கு.: கிட்டு, மேலே எழுதிய எதையும் பட்டு மாமியிடம் சொல்லிவிடாதே. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகிற சமயத்தில் டெலிபோன் அடித்தது. உத்தரவுப்படி நான் பால்கனிக்குப் போக எழுந்தேன், அதற்குள் மீனு எடுத்து, கையில் சாதம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். பட்டு மாமி. "மீனு, ஒரு விஷயம் நிஜத்தைச் சொல்லணும்மா" என்று ஆரம்பித்தாள். பேன் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லையாம், எந்தத் தலையில் வராதது என்கிறாள். சபரிதான் குட்டையைக் குழப்பியிருக்கிறான். "அம்மா, அது தலைப் பேனா இருக்காது, கம்ப்யூட்டர் பேனா இருக்கும். பெரிசா கேம் ஆடறவா மெஷின்லதான் ரெண்டு பேன் இருக்கும்" என்று நம் பக்கம் பேசுவதாக நினைத்துச் சொல்லியிருக்கிறான். அதைக் கேட்டுத்தான் மாமிக்கு உயிரே போயிற்றாம். "எங்க பெரிய மாப்பிள்ளை அந்தக் கேம்ல உக்காந்துதான் வேலையை விட்டார், பொண்ணு நாலு வருஷமா அழுதுண்டிருக்கா. இன்னொரு தரம் அப்பேர்ப்பட்ட குடும்பத்துல சம்பந்தம் வச்சுக்க எனக்குத் தெம்பு இல்லை. அதான் தள்ளிப் போடச் சொன்னேன். சொல்லும்மா, பேன் தலையிலயா, கம்ப்யூட்டர்லயா" என்றாள்.

நான் பால்கனிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மீனு என்னைப் பார்த்தாள். வேட்டி போட்டு மூடிய கம்ப்யூட்டரைப் பார்த்தாள். அப்புறம் அவளுடைய புனே தமிழில், "தலையிலதான் மாமி. எனக்குத்தான். ஆபீஸ்ல ஒருத்தியோட ஹெல்மெட்டை மாத்திப் போட்டுண்டேன், அங்கேர்ந்து வந்துடுத்து" என்றாள். மாமி, "அப்பாடா, என் வயத்துல பாலை வார்த்தேடி கண்ணே" என்றாள். நான் என் மானத்தை விற்று அவளை மீட்க நாலு பக்கம் எழுதி முடித்தேன், அவள் தன் தலையைக் கொடுத்து என் மானத்தை மீட்டுவிட்டாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, மிளகாய்ப்பொடி என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. இப்போது பால்கனியில் நின்று சபரியோடு பேசிக்கொண்டிருக்கிறாள். நிச்சயதார்த்தம் சொன்ன தேதியிலேயே நடக்கும்.

ஒரே ஒரு சிக்கல். பட்டு மாமி இரண்டு நாள் முன்னதாகவே வந்து, வேப்பெண்ணெய், பேன் சீப்பு சகிதம், மீனுவின் தலையைத் தன் கையாலேயே பார்த்துச் சுத்தம் செய்யப் போகிறாளாம். பார்த்து ஒன்றுகூட அகப்படவில்லையென்றால் சந்தேகம் மறுபடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பும். ஆகையால் நீங்கள் மூவரும் அதற்கும் முன்னாலேயே கிளம்பி வாருங்கள். ப்ரீதி ஸ்கூலுக்குப் போகிற குழந்தை, மூணாவது படிக்கிறாள், தலையில் ஒன்றிரண்டு பேனாவது இல்லாமலா இருக்கும். இரண்டு நாள் மீனுவோடு ஒரே தலையணையில் படுக்கட்டும். புறப்படும்வரை குழந்தையின் தலைக்கு ஷாம்பூ போட வேண்டாம் என்று வனஜாவிடம் கண்டிப்பாகச் சொல்லவும்.